அக்காவை மாற்றத் தெரியாத பயிற்சியாளர்

கொலோனில் எங்கள் பெண்கள் உதைபந்தாட்டக் குழுவுக்கு ஒரு கொரியப் பெண் பயிற்சியாளராக வந்த வருஷம் முழுக்க, நான் மாற்று ஆட்டக்காரர் இருக்கும் வாங்கில் குந்தி அதைச் சூடாக்கினேன். இருபத்துமூன்று வயது. மருத்துவமனையில் தாதி வேலை முடித்துவிட்டு நேரே மைதானத்துக்கு ஓடுவேன். ஆட விடமாட்டார்கள். என் இடத்தில் அக்கா நின்றார்.

அக்கா என்றால் என் கூடப்பிறந்தவர் இல்லை, எங்கள் குழுத் தலைவி. முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகளின் தாய். தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள் ஐந்து பேரும் அக்கா அக்கா என்று கத்தியதில் ஜேர்மன் பிள்ளைகளும் துருக்கிப் பிள்ளைகளும் அவருடைய சொந்தப் பெயரையே மறந்துவிட்டார்கள். கோச்சும் அப்படித்தான் கூப்பிட்டார்.

கோச்சுக்கு முப்பத்தொரு வயது. தன் நாட்டில் நடுக்களத்தில் கொடிகட்டிப் பறந்தவர். ஜேர்மனிக்கு ஆட வந்து இரண்டாம் வருஷமே முழங்கால் போய்விட்டது. இங்கேயே பயிற்சியாளர் படிப்பு முடித்து, முதல் வேலையாக எங்களிடம் வந்து மாட்டுப்பட்டார். ஒரு வருஷ ஒப்பந்தம். குழு கீழ்ப் பிரிவுக்கு இறங்கினால் ஒப்பந்தம் நீடிக்காது என்று கழகத் தலைவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். முதல் குழுவையே கீழே இறக்கிவிட்டவரை அடுத்து யார் கூப்பிடப்போகிறார்கள்?

நாங்களோ கடைசி ஆட்டம்வரை இழுத்துக்கொண்டு வந்தோம். வென்றால் தப்புவோம், சமநிலை என்றாலும் இறக்கம்தான்.

எழுபதாவது நிமிஷம், ஒன்றுக்கு ஒன்று. அக்காவுக்கு நாக்குத் தள்ளியது. பந்து ஒரு பக்கம் போனது, அக்கா மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். கோச் எழும்பினார், கோடுவரை போனார், கையை உயர்த்தினார், இறக்கினார், திரும்பி வந்து இருந்தார். இப்படி மூன்று தரம். ஒவ்வொரு தரமும் நான் ஜாக்கெட்டைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தேன். எனக்கு விசர் பிடித்தது.

"கோச், ஏன் அவரை மாற்றாமல் இருக்கிறீர்கள்?" என்று ஜேர்மன் மொழியில் கேட்டேன்.

"என்னைவிட ஐந்து வயது மூத்தவர். இத்தனை பேருக்கு முன்னால் 'நீ வெளியே வா' என்று எப்படிச் சொல்வது?" என்றார், கண் கலங்க.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூத்தவர்களுக்கு முன்னால் வாய் திறக்காத இந்த வருத்தம் எங்கள் வீட்டிலும் பரம்பரையாக இருக்கிறது. அந்த நேரம் பந்து வெளியே போக, அக்கா தண்ணீர் குடிக்கக் கோட்டுக்கு வந்தார். போத்தலைக் கொடுத்தேன்.

"அக்கா, ஏலாட்டில் வெளியில வாங்கோவன்."

"உனக்கென்ன விசரே? படிப்பிக்கிறவ கூப்பிடாமல் நான் எப்பிடி வாறது? மரியாதையில்லை. இருவது நிமிஷமா அவவின்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன்!"

கடவுளே! இவர் அவருக்கு மரியாதை, அவர் இவருக்கு மரியாதை. நடுவில் நாங்கள் எல்லோரும் கீழ்ப் பிரிவுக்கு மரியாதையாக இறங்கிக்கொண்டிருக்கிறோம்.

"நீங்கள் கூப்பிடும்வரைக்கும் நிற்கிறா, கோச்!" என்று மைதானம் அதிரக் கத்தினேன். "உங்களைக் கூப்பிட அவவுக்குக் கூச்சம், அக்கா!" என்று மறுபக்கமும் கத்தினேன். நடுவர் கடிகாரத்தைத் தட்டிக்காட்டினார்.

கோச் எழும்பி, இடுப்புவரை குனிந்து வணங்கினார். எங்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய தமிழில், "அக்கா, வாங்கோ," என்றார்.

அன்று முழுவதும் ஓடாத ஓட்டத்தை அக்கா அப்போது ஓடினார், வெளியே வருவதற்கு. என் முதுகில் ஒரு தள்ளு. நான் உள்ளே.

என் கோலைப் பற்றி அதிகம் கேட்காதீர்கள். உதைத்தேன் என்று சொன்னால் பொய். பந்து வந்து என் இடுப்பில் பட்டு வலைக்குள் போனது. போனது போனதுதான்! ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து புரண்டோம். ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த் திருவிழாவுக்குக்கூட நான் அப்படித் துள்ளியதில்லை. விசில் ஊதியதும் கழகத் தலைவர் ஓடிவந்து கோச்சின் கையைப் பிடித்து, இன்னும் இரண்டு வருஷம் என்றார்.

உடை மாற்றும் அறையில் அக்கா முழங்காலில் ஐஸ் பையை வைத்தபடி இருந்தார். கோச் பக்கத்தில் வந்து இருந்தார்.

"என் முழங்கால் வீங்கியதை நான் மூன்று மாதம் சொல்லவில்லை," என்றார். "எங்கள் பயிற்சியாளர் என் அப்பாவைவிட மூத்தவர். அவராகக் கேட்கட்டும் என்று நான் இருந்தேன். நான் சொல்வேன் என்று அவர் இருந்தார்." பிறகு என்னைக் காட்டிச் சிரித்தார். "இப்படி ஒரு வாய்க்காரி அன்றைக்கு எங்கள் வாங்கில் இல்லை."

நாங்களும் சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஐஸ் பையை எடுத்துக் கோச்சின் முழங்காலில் வைத்து, "இன்னும் நோகிறதா?" என்று ஜேர்மன் மொழியில் கேட்டார்.

கோச் இரண்டு கையாலும் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ஓம், அக்கா," என்றார்.