நடக்காத கூட்டத்தின் அறிக்கை

நடக்காத ஒரு பெற்றோர் கூட்டத்துக்கு நான் அறிக்கை எழுதினேன். அதனால் ஒரு தாயின் வாயை அடைத்தேன்.

நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய அஹுன்ட்சிக்கில் எங்கள் பிள்ளைகளுக்காக நாங்கள் நடத்திய சிறிய தனியார் பள்ளிக்கு நான் செயலாளர். நிர்வாகச் சட்டம் மாறியிருந்தது. பெற்றோர் கூடி, வாக்களித்து, கட்டடத்தைப் பற்றியும் பேசியதாக அறிக்கை இல்லாவிட்டால் பள்ளியின் அனுமதி புதுப்பிக்கப்படாது. எங்கள் வழக்கமோ வேறு. பெரியவர்கள் நாலு பேர் முடிவெடுப்போம், மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

கோயில் மண்டபத்தில் பந்தி தொடங்குமுன் கையெழுத்து வாங்க வெற்றுத்தாள்களோடு வரிசை வரிசையாகப் போனேன்.

"அண்ணை, இதிலை ஒண்டும் எழுதேல்லையே?" என்றாள் அந்தத் தாய்.

"பேந்து எழுதுவம் பிள்ளை. உன்ரை வீட்டையே எழுதி வாங்கப்போறன்?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தபடி கையெழுத்திட்டாள். "அந்தக் கதவையும் எழுதுங்கோ."

பேஸ்மென்ட் வகுப்பின் பின்கதவு குளிர்காலத்தில் உறைந்து இறுகிவிடும். இரண்டு முறை கடிதம் தந்திருந்தாள். அவளுடைய மகன் அங்கேதான் படித்தான். கதவைப் பற்றி எழுதினால் அனுமதி தள்ளிப்போகும். "கட்டடப் பாதுகாப்பில் பெற்றோர் அனைவருக்கும் திருப்தி" என்று அவளுடைய கையெழுத்துக்கு மேலே எழுதினேன். அனுமதி கிடைத்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும், போகும்போதெல்லாம் கதவைக் காலால் தள்ளிப் பார்ப்பேன். அசையாது. யாரிடமும் சொல்லவில்லை. மாசியில் ஒரு முற்பகல், பொய்லர் அறையிலிருந்து கிளம்பிய புகை படிக்கட்டை மூடியது. பின்கதவு திறக்காததால் ஆசிரியை யன்னலை உடைத்துப் பிள்ளைகளை ஒவ்வொருவராக வெளியே தூக்கிவிட்டார். கடைசியாக வந்தவன் அவளுடைய மகன். இன்றும் இன்ஹேலர் இல்லாமல் அவனால் ஓட முடியாது.

அவள் முறையிட்டபோது, அந்த நாலு பேரில் ஒருவரான பள்ளித் தலைவர் அவளுடைய கையெழுத்தையே அவளுக்குக் காட்டினார். நான் அருகில் இருந்தேன்.

அடுத்த புதுப்பிப்பு வந்தபோது கல்வி அமைச்சுக்கு உண்மையை எழுதினேன். பள்ளி மூடப்பட்டது. கோயில் பந்தியில் இப்போது என் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை.

கடிதத்தின் பிரதியோடு ரொக்ஸ்பரோவில் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே முழுவதும் வாசித்தாள். உள்ளே போய்ப் பேனா கொண்டுவந்தாள்.

"ஐயா," என்றாள். முன்பு அண்ணை என்பாள். "ஒவ்வொரு பக்கத்திலையும் கையெழுத்து வையுங்கோ. எழுதினதுக்குக் கீழை."

வைத்தேன். போன கிழமை, மகனுக்காக அவள் போட்ட வழக்கில் சாட்சி கேட்டு அவளுடைய வழக்கறிஞரின் கடிதம் வந்தது. சாட்சி சொல்லப் போகிறேன். அதே வழக்கில் தலைவரோடு நானும் பிரதிவாதிதான்.