டீமேக்கர் வேலுச்சாமியும் முதலாளியின் கப்பலும்

வேலுச்சாமி இறந்த செய்தி வந்தபோது நான் தேவாலாவில் கறிக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். போனில் அவருடைய மகன். "அப்பா காலையில போயிட்டாருங்க பார்வதிம்மா. காரியத்தன்னிக்கு சின்னதா ஒரு நினைவு மலர் போடறோமுங்க. நீங்கதான் எழுதறவங்க. அப்பாவைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதித் தரோணும்." நல்லதா நாலு வார்த்தை! அதற்கு வேறு ஆளைப் பார்த்திருக்கலாம். சரி என்று சொல்லிவிட்டு, கறி வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நடுவட்டத்துக்கு மேலே நம் எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை பார்த்த உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெளியார் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். இலை வந்து இறங்குவதிலிருந்து தூள் மூட்டையாகிற வரை ஃபேக்டரிக்குள் டீமேக்கர் வைத்ததுதான் சட்டம். நான் தூள் சலிக்கும் பகுதியில் இருந்தேன். யூனியனில் பெண்களுக்குச் செயலாளராகவும் இருந்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டுப் போனால், "இலையும் ஆளும் வாடினாத்தானுங்க வழிக்கு வரும்" என்பார். அதிலும் ஒரு 'ங்க' வேறு. இவ்வளவு மரியாதையாக வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

பச்சைத் தேயிலை விலை பாதாளத்துக்குப் போன காலம் நினைவிருக்கும். முதலில் வாரத்தில் மூன்று நாள் வேலை என்றார்கள், பிறகு ஒரேயடியாக ஃபேக்டரியை மூடினார்கள். திறக்காவிட்டால் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தது. எங்களில் பாதிப் பேர் இலங்கையில் பிறந்த தோட்டத்தை விட்டு மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியவர்கள். இன்னொரு தடவை மூட்டை கட்ட உடம்பிலும் தெம்பில்லை, மனசிலும் தெம்பில்லை. ஃபேக்டரி திறக்குமா என்பதைத் தவிர அப்போது எங்களுக்கு வேறு நினைப்பே கிடையாது.

வேலுச்சாமிக்கு வேறு நினைப்பு இருந்தது. முதலாளி வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தார். பழைய பாய்மரக் கப்பலைச் சின்னதாகச் செய்கிற கிட். விலா மாதிரி சட்டங்கள், அவற்றின் மேல் ஒட்ட விரல் அகலத்துக்கு மெல்லிய மரப்பட்டைகள், நூல், பாய்த்துணி எல்லாம் உள்ளே இருக்கும். அதில் முதலாளிக்குப் பொறுமை போதவில்லை. டீமேக்கரிடம் கொடுத்துவிட்டார். பட்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்து வளைக்கச் சொல்லிப் பெட்டியிலேயே படம் போட்டிருந்தது. இவர் கேட்டால்தானே? "தண்ணியாவது ஒண்ணாவது. இத்தனை வருசம் இலை வாட்டினவனுக்குப் பட்டை வாட்டத் தெரியாதுங்களா?" என்று, இலை வாட்டும் தட்டில் பட்டைகளைப் பரப்பி, அடுப்பை மூட்டிச் சூடான காற்றை விட்டார். பட்டைகள் காய்ந்து லேசாயின. இடுக்கு தெரியாமல் ஒன்றையொன்று அணைத்து ஒட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் அது ஆடி மாத மழை. லைனுக்குக் கொடுக்கிற விறகை எஸ்டேட் நிறுத்தியிருந்தது. ஈரத் துணி காயாமல் குழந்தைகள் இருமிக்கொண்டு கிடந்தன. ஃபேக்டரி புகைபோக்கியில் மட்டும் புகை வந்தது. திறந்துவிட்டார்கள் என்று நினைத்துச் சிலர் ஓடியே வந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் பொம்மைக் கப்பல். "உங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒன்னு இருக்கா?" என்று கேட்டேன். அவர் தலையைத் தூக்காமல், "கதவைச் சாத்துங்க அம்மிணி, ஈரக்காத்து வருது" என்றார். நாசமாய்ப் போக என்று நான் வாய்விட்டுத்தான் சொன்னேன்.

கப்பலை வாங்க முதலாளி வருகிறார் என்று தெரிந்ததும், எல்லோருமாகப் போய் முறையிடுவது என்று யூனியனில் முடிவெடுத்தோம். வேலுச்சாமி குறுக்கே வந்தார். "கும்பலா வந்து நின்னா மொகத்தைத் திருப்பிக்குவாருங்க. கப்பலைக் கையில குடுத்து, மனசு குளுந்திருக்கற நேரம் பாத்து நானே கேக்கறேனுங்க." ஆண்கள் தலையாட்டிவிட்டார்கள். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே மழையில் நின்றோம். முதலாளியின் கார் கப்பலை ஏற்றிக்கொண்டு போன பிறகு இவர் வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அவர் பல்லை நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

"என்னங்கய்யா சொன்னாரு?"

"அந்த நூலேணி இருக்குதுங்களே அம்மிணி, அதைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாருங்க! பாய்மரத்தைப் பத்தி ஒவ்வொண்ணாக் கேட்டாரு, சொன்னேன்."

"ஃபேக்டரி?"

சிரிப்பு அப்படியே நின்றது. "அட... மறந்துட்டேனுங்க."

மறந்துவிட்டாராம்! ஒருத்தி அங்கேயே மண்ணை வாரித் தூற்றினாள். நான் அவளைத் தடுக்கவில்லை.

பத்து நாள் போனதும் ஊட்டியிலிருந்து முதலாளியின் டிரைவர் வந்தார். கப்பல் வெடித்துவிட்டதாம், சரிசெய்ய வேலுச்சாமி வர வேண்டுமாம். வெடிக்காமல் என்ன செய்யும்? சுக்காகக் காய்ந்த பட்டைகளை இடுக்கில்லாமல் ஒட்டி, கொண்டுபோய் ஊட்டி மழையில் வைத்தால், ஈரம் குடித்து ஊதி ஒன்றையொன்று நெட்டித் தள்ளியிருக்கிறது. இந்தத் தடவை அவரைத் தனியே விடுவதாக இல்லை. "நானும் வாரேன்" என்று காரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

பங்களாவில் அவர் பிதுங்கி நின்ற ஒரு பட்டைக்குப் பசை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். முதலாளி பக்கத்து நாற்காலியில். நான் நின்றபடியே கேட்டேன். "தொரை, ஃபேக்டரி எப்பங்க தொறப்பீங்க?"

"இதென்னம்மா புதுசா கேக்கற? மெஷினெல்லாம் வித்தாச்சே. கப்பலை எடுக்க வந்தேனே, அதுக்கு முந்தியே முடிஞ்சுபோச்சு. வேலுச்சாமி, அந்தக் கொடி கொஞ்சம் சாஞ்சிருக்கு பாரு."

வேலுச்சாமி கட்டைவிரலை எடுத்தார். பட்டை சட்டென்று எழும்பி நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு, "ஈரம் ஏறிருச்சுங்க. இனி ஒட்டாதுங்க" என்றார். "வாங்க அம்மிணி, போலாம்." முதலாளி பேர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட, திரும்பிப் பார்க்காமல் கேட் வரைக்கும் நடந்தார். காரை யார் கேட்டது? மழையில் நனைந்தபடியே கூடலூர் பஸ் ஏறினோம்.

பைக்காரா தாண்டும்போது பார்க்கிறேன், மனிதர் அழுகிறார். எங்களுக்காகத்தான் என்று நினைத்து என் மனசு கொஞ்சம் இளகியது. "நாலு பட்டை மாத்தினா சரியாயிருக்குமுங்க அம்மிணி" என்கிறார். வந்ததே எனக்கு! "ஊரே தெருவுக்கு வரப்போகுது, உங்களுக்குக் கப்பலா?" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊருக்கு அழ நீங்க எல்லாரும் இருக்கீங்க. கப்பலுக்கு அழ நான் ஒருத்தன்தானுங்களே" என்றார். நடுவட்டம் வரும் வரை நான் அவர் பக்கம் திரும்பவில்லை. அடுத்த மாதமே லைன் காலியானது. நான் தேவாலாவுக்கு வந்தேன், அவர் குன்னூருக்குப் போனார். அதன் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

தம்பி, நீ கேட்ட நல்ல வார்த்தை இதில் எங்காவது இருந்தால் எடுத்துக்கொள். உன் அப்பாவை நான் மன்னிக்கவில்லை. செத்துப்போனார் என்பதற்காக மன்னிக்கப்போவதும் இல்லை. அந்தக் கோபம் முழுசாக என்னிடமே இருக்கிறது, யாருக்கும் பங்கு தரமாட்டேன். அவரைத் திட்டுகிற உரிமை மழையில் அவரோடு கேட் வரைக்கும் நடந்து வந்த எனக்கு உண்டு. காரியத்துக்கு வந்த இடத்தில் வேறு யாராவது அவரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசினால், நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன், சொல்லிவிட்டேன்.