அன்னபாக்கியத்துக்கு வந்த ஆறுதல்கள்

மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்கில் நல்லது கெட்டது பிரிக்கும் வேலை அன்னபாக்கியத்துக்கு. நாகர்கோவில்காரி. 1979 மழைக்காலத்தில் அவளுடைய ஒரே மகள் எஸ்தர் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். ஒன்பது வயது. மறுநாளிலிருந்து சபையார் ஆறுதலைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். கர்த்தருடைய தோட்டத்தில் பூ குறைந்துவிட்டதாம், அதனால் பறித்துக்கொண்டாராம். அவ்வளவு பெரிய தோட்டக்காரருக்கு ஒற்றை அறை வீட்டுப் பூதான் கிடைத்ததா என்று அவள் கேட்கவில்லை. எல்லோருக்கும் சாயா போட்டுக் கொடுத்தாள்.

உபதேசியார் தேவசகாயம் வாரம் தவறாமல் வந்தார். "அழுதா விசுவாசம் கொறவுன்னு அர்த்தம், கேட்டியா?" என்பார். ஒருநாள் புத்தகம் ஒன்றும் கொடுத்தார். அமெரிக்காவில் அடிமையாக இருந்த ஒரு பெண் எழுதிய வாழ்க்கைக் கதையின் தமிழாக்கம். தன்னைவிடக் கஷ்டப்பட்டவர்கள் உண்டென்று தெரிந்தால் அன்னபாக்கியத்தின் துக்கம் ஆறுமாம். அவர் அதைப் படித்ததில்லை. நல்ல புத்தகங்களை அவர் பிறருக்காகவே வைத்திருந்தார்.

அடுத்த வாரம் அன்னபாக்கியம் அவருக்கு அதிலிருந்து ஒரு பக்கத்தை உரக்க வாசித்துக் காட்டினாள். பிள்ளையை விற்றுவிட்டார்களே என்று கதறும் தாயிடம், எஜமானின் போதகர், அழுவது தேவசித்தத்துக்கு விரோதம் என்கிறார்.

"ஐயா, இவரு நம்ம சபையா?" என்றாள். "லாசரு செத்தப்ப இயேசுவே அழுதாரே. அவருக்கும் விசுவாசம் கொறவா?"

உபதேசியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, "பிள்ளைக்கு என்ன பிடிக்கும்?" என்று முதல்முறையாகக் கேட்டார்.

"கப்பைக் கிழங்கும் மத்தி மீன் கறியும்" என்றவள் வாய்விட்டு அழுதாள். அவர் தடுக்கவில்லை.

பின்னாளில் சபையில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அவளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். போய்ப் பக்கத்தில் உட்காருவாள். வேத வசனம் ஒன்றும் சொல்லமாட்டாள்.