மனுவில் எழுதிய முகவரி

நீதிமன்றத்தின் பின்பக்க அறையில், தூசி படிந்த வழக்குக் கட்டுகளுக்கு நடுவே ஒரு மேசை, மூன்று நாற்காலி. இலவச சட்ட உதவி அலுவலகம் அவ்வளவுதான். அங்கே உட்கார்ந்திருந்த இளம் வக்கீல், தன் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடமாட்டாள். விட்டால் மனு திரும்பி வந்துவிடும் என்று பயம்.

"உங்கிட்ட விட்டா, அலுவலக உபயோகத்துக்கு மட்டும்னு போட்ட இடத்தையும் நிரப்பிடுவம்மா" என்று குமாஸ்தா அண்ணன் கேலி செய்வார்.

போன வாரம் ஒரு தையல்காரம்மா வந்திருந்தாள். பதினைந்து வயது மகளைத் தன் கூட்டாளிக்குக் கட்டிவைக்கப் புருஷன் நாள் குறித்துவிட்டான். மகளை இழுத்துக்கொண்டு ஓடிவந்து, கூட வேலை செய்பவளின் மாடியறையில் ஒளிந்திருந்தாள். திருமணத்தைத் தடுக்க மனு தயாரானது.

இன்று அந்த மனுவின் நகலைப் புரட்டிய குமாஸ்தா நிறுத்தினார்.

"இப்போ தங்கியிருக்கிற முகவரின்னு முழுசா எழுதியிருக்கியே. மறைக்கச் சொல்லித் தனி மனு போடலையா?"

"அப்படி ஒண்ணு இருக்காண்ணே?"

"இருக்கு. நோட்டீஸோட மனு நகலும் போகும்ல. காலையிலேயே அந்தப் புருஷன் கையில குடுத்தாச்சு."

வக்கீல் நகலை வாங்கிப் பார்த்தாள். கதவு எண், சந்து, மாடி, எல்லாம் அவள் கையெழுத்து. போனை எடுத்தாள்.

"அக்கா, உடனே அங்கிருந்து கிளம்புங்க. நீங்க இருக்கிற இடம் அவருக்குத் தெரிஞ்சுபோச்சு."

"யாரு சொன்னா வக்கீலம்மா?"

"நான்தான்க்கா. மனுவுல எழுதிட்டேன்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

பெண்கள் காப்பகத்தில் இடம் கேட்டால், பாதுகாப்பு அதிகாரியின் கடிதம் வேண்டும் என்றார்கள். அதிகாரி திங்கள்வரை விடுப்பு. போலீஸில், "அவர் வரட்டும், வந்து ஏதாவது பண்ணா சொல்லுங்க" என்றார்கள். இத்தனை வருஷம் விழுந்து விழுந்து படித்தது இதற்குத்தானா என்று தோன்றியது. ஆட்டோ பிடித்து ஓடினாள்.

மாடிப்படிக்குக் கீழே தாயும் மகளும் இரண்டு பையோடு நின்றார்கள். திட்டுவாள் என்று வக்கீல் எதிர்பார்த்தாள். தையல்காரம்மா திட்டவில்லை. மகளை முதலில் ஏற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "எங்க போறோம் வக்கீலம்மா?"

வக்கீலுக்குத் தன் வீடு நினைவுக்கு வந்தது. ஒரே அறை, ஐந்து பேர். மனுவில் வக்கீல் என்று அவள் பெயரும்தான் இருக்கிறது; அவன் விசாரித்து வர எவ்வளவு நேரமாகும்?

"எங்கம்மா போகணும்?" ஆட்டோக்காரரும் கேட்டார்.

"முதல்ல இந்தத் தெருவை விட்டுப் போங்கண்ணே" என்றாள்.