இரண்டு அடுப்படிக்கு ஒரு டக்ட்

சாரதாமணிக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "ஏனுங்க" என்பாள், "தப்பா நெனச்சுக்காதீங்க" என்பாள். சோமனூரில் பிறந்து, தறிக்கார வீட்டில் வாழ்க்கைப்பட்டு, தறியை எடைக்குப் போட்ட பிறகு கணவன் சாமியப்பனோடு திருப்பூர் மண்ணரைக்குக் குடிவந்தவள். அவளிடம் திட்டு வாங்கியவர்களில் பலருக்குத் தாங்கள் திட்டு வாங்கியதே தெரியாது.

பனியன் கம்பெனியிலிருந்து தைத்து முடித்த குழந்தைத் துணிகளைக் கட்டுக்கட்டாக வாங்கி வந்து வீட்டிலேயே பிசிறு வெட்டிக் கொடுப்பது அவள் வேலை. கம்பெனியில் நாளெல்லாம் நிற்க முழங்கால் இடம் கொடுக்காது. வீட்டில் என்றால் காலை நீட்டி உட்கார்ந்து, தொங்குகிற நூலையெல்லாம் சின்னக் கத்தரியால் நறுக்கிக்கொண்டிருக்கலாம். இதுவும் போனால் அவளுக்கு வேறு வேலை கிடையாது.

மூன்றாவது மாடியில் இரண்டே வீடு. எதிர்வீட்டில் கருத்தம்மாவும் சோணைமுத்துவும், சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த டெய்லர்கள். இரண்டு வீட்டு அடுப்படி ஜன்னலும் ஒரே டக்ட்டைப் பார்த்துத் திறக்கும். டக்ட் என்றால் மாடியிலிருந்து கீழ்வரை இறங்குகிற குறுகலான சந்து, வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விட்டது. புறா வந்து அசிங்கம் பண்ணுகிறது என்று வீட்டுக்காரர் சென்னியப்பன் அதன் மேல்வாயைத் தகரம் போட்டு மூடிவிட்டார். அன்றிலிருந்து இவள் மிளகாய் தாளித்தால் அங்கே தும்மல், அவள் கருவாடு பொரித்தால் இங்கே குமட்டல். தகரத்தைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்காரரைவிட எதிர்வீட்டுக்காரியிடம் குறை சொல்வது எப்போதுமே சுலபம்.

சாரதாமணி பழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டு கவிச்சியை விட்டவள். கருவாட்டு வாசம் வீட்டுக்குள் வந்தாலே விரதம் கெட்டுப்போனது போல அவளுக்கு நெஞ்சு பதறும். அடுப்படி ஜன்னலை இறுகச் சாத்தினாள். காலையும் மாலையும் கரண்டியில் கங்கு போட்டு வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டினாள். புகை வெளியே போக வழியில்லாமல் கூடத்திலேயே சுற்றிக்கொண்டு கிடந்தது. கிடக்கட்டும் என்றுதான் நினைத்தாள்.

அப்போதுதான் கம்பெனியில் ஒரு கட்டைத் திருப்பிவிட்டார்கள். செக்கிங் பார்க்கிற ஜெயபாரதி சங்கடத்தோடுதான் சொன்னாள்.

"துணியில வாசம் அடிக்குதுங்கக்கா. பச்சக் கொழந்தைக்குப் போடறதுங்க. துணி வாங்கற பையர் மோந்து பாத்தா லாட்டையே ரிஜெக்ட் பண்ணிப் போடுவாங்க."

என்ன வாசம் என்று சாரதாமணி கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? நேராகக் கீழ்த்தளத்தில் இருந்த சென்னியப்பன் வீட்டுக்குப் போனாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. எதுத்த ஊட்டுக்காரங்க நல்ல மனுசங்கதானுங்க. ஆனா எம்பொழப்புப் போகுதுங்களே."

தகரத்தை எடுப்பதைவிடக் குடித்தனத்தை எடுப்பது அவருக்கு லேசாகப் பட்டது. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணும்படி கருத்தம்மாவிடம் சொல்லிவிட்டார்.

கருத்தம்மா அன்றோடு கருவாட்டை நிறுத்தினாள். மீனையும் நிறுத்தினாள். ஒரு சாயங்காலம் வந்து வாசலிலேயே நின்றாள்.

"யக்கா, இப்ப நாங்க ஒண்ணும் பொரிக்கிறதில்லக்கா. தெக்கத்தி ஆளுகன்னாலே வேற வீடு தர மாட்டேங்குறாக. புள்ளைக்குப் பள்ளிக்கூடமும் இங்கனதான். ஓனருகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"பாக்கலாமுங்க" என்றாள் சாரதாமணி. அந்த ஊரில் அதற்கு முடியாது என்று அர்த்தம். கருத்தம்மாவுக்கு அது தெரியாது. நம்பிக்கையோடு போனாள்.

கருவாடு நின்றும் சாம்பிராணி நிற்கவில்லை. சுவரில் இன்னும் வாசம் ஒட்டிக்கொண்டிருப்பதாகச் சாரதாமணிக்கு ஒரு எண்ணம். மாதக் கடைசி நெருங்குகையில் அடுத்த கட்டும் திரும்பியது.

"இப்ப எப்படிங்க அடிக்கும்?" என்று ஜெயபாரதியிடம் எகிறினாள். "எதுத்த ஊட்டுல கருவாடு பொரிச்சே ரொம்ப நாளாச்சுங்களே!"

ஜெயபாரதி விழித்தாள். "கருவாடுங்களா? அத ஆருங்க சொன்னது? சாம்பிராணி வாசமுங்கக்கா. போன தடவையும் அதேதானுங்க. நீங்களே மோந்து பாருங்க."

முகர்ந்து பார்த்தாள். காலையும் மாலையும் அதிலேயே இருக்கிற மூக்குக்கு எதுவும் தெரியவில்லை. தெருவில் இறங்கி, கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, மறுபடி கட்டைப் பிரித்து முகத்தருகே கொண்டுபோனாள். குப்பென்று அடித்தது, கோயில் பிரகாரம் மாதிரி.

நேராகச் சென்னியப்பனிடம் போய்ச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினாள். வழியெல்லாம் சொற்களைக் கோத்துக்கொண்டு வந்தாள். என் மேலதானுங்க தப்பு. அவ்வளவுதான், சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் கட்டிடத்து வாசலிலேயே டெம்போ நின்றது. சோணைமுத்து பீரோவைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தான். கருத்தம்மா பாத்திர மூட்டையைக் கீழே வைத்துவிட்டு இவளிடம் வந்தாள்.

"ஊத்துக்குளி ரோட்டுக்கு அங்கிட்டு ஒரு வீடு கெடைச்சிருக்குக்கா. தள்ளித்தான் இருக்கு. பரவாயில்ல. எங்களால ஒங்க வேலைக்கு எடஞ்சலாப் போச்சு. மனசுல வச்சுக்கிறாதீக."

சாரதாமணி கையிலிருந்த கட்டை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

கருத்தம்மாவின் பார்வை அவள் இடுப்பில் இருந்த துணிக்கட்டின் மேல் விழுந்தது. "புதுக் கட்டாக்கா? கம்பெனியில இப்பத் துணிய வாங்கிக்கிட்டாகளா?"

"வாங்கிக்கிட்டாங்க" என்றாள் சாரதாமணி.

கருத்தம்மாவின் முகம் தெளிந்தது. "அப்பச் சரிக்கா. நாங்க போறதுலயாவது ஒங்களுக்கு ஒரு நல்லது நடந்துச்சே" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கப் போனாள்.