லைன் எங்கேஜ்

சீதேவிப்பிள்ளைக்கு முதலில் கோபம் வந்தது விசா கொடுக்காத வெள்ளைக்காரன்மேல். ஒரே மகள் தவமலருக்கு லண்டனில் கல்யாணம். பெற்றவள் களுவாஞ்சிக்குடியில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாயிரத்து ஏழு, வாவிக்கு அப்பால் படுவான்கரையில் ஷெல் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்த காலம்.

தபால் கந்தோரில் இருபத்தாறு வருடம் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்தவள் அவள். கரடியனாற்றுச் செத்தவீடு, உன்னிச்சை வெள்ளம், ஊராரின் சண்டை சமாதானம் எல்லாம் அவள் காதைத் தாண்டித்தான் போயின. புருசன் கண்ணை மூடிய பிறகு அந்தச் சம்பளத்தில்தான் மகளை வளர்த்தாள்.

“கல்யாணத்த டீவியிலயே காட்டுறன் அக்கா” என்றான் முகைதீன்பாவா. காத்தான்குடியில் டீவி திருத்துகிறவன், கொம்பியூட்டரும் பழகியிருந்தான். சொன்னபடி ஒரு கொம்பியூட்டரைத் தூக்கிவந்தான். டெலிபோன் வயரைக் கழற்றி அதன் முதுகில் செருகி, அங்கிருந்து இன்னொரு வயரை டீவிக்கு இழுத்தான். லண்டன் மண்டபத்தில் கமராவோடு மாப்பிள்ளையின் தம்பி. டெலிபோன் லைன் வழியாக இன்டர்நெட்டில் வருவது அப்படியே டீவியில் தெரியுமாம்.

நம் நேரப்படி பகல் இரண்டரைக்கு முகூர்த்தம். சொந்தக்காரர் இருபது பேர் பாயில் நெருங்கி உட்கார்ந்தார்கள். கைபோன்கள் மூன்று நாளாகச் செத்துக் கிடந்தன, பாதுகாப்பென்று அரசாங்கம் நிறுத்தியிருந்தது. நல்லதாய்ப் போயிற்று, நடுவில் ஒருத்தரும் தொல்லை தரமாட்டார்கள் என்று சீதேவிப்பிள்ளை நினைத்தாள்.

படம் வந்தது. வந்த வேகத்தில் நின்றது. சத்தம் துளியும் இல்லை. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்பியபடி ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் இருந்தார். இந்தக் கூத்துக்கு இரண்டு போட்டோ வந்திருந்தால் காணும் என்று தமக்கை இரத்தினம்மா முணுமுணுத்தாள். முகைதீன்பாவா வயரை ஆட்டினான், கொம்பியூட்டரைத் தட்டினான், வேர்த்துக் கொட்டினான்.

அடுத்த படத்தில் தவமலர் தெரிந்தாள். கூறைச்சேலை, நெற்றிச்சுட்டி, காதில் ஒரு போன். அதோடு படம் மறுபடி நின்றது.

சீதேவிப்பிள்ளைக்குச் சபை நடுவே மானம் போயிற்று. “தாலி கட்டுற நேரத்தில ஆரோடகா இவளுக்குக் கதை?”

படம் அசைந்தது. இன்னும் காதில் போன்தான். மாப்பிள்ளை மணிக்கூட்டைப் பார்த்தார், ஐயர் மாப்பிள்ளையைப் பார்த்தார். வளர்த்த வளர்ப்பு இதுதானா என்று தாய் வாய்விட்டுத் திட்டினாள். கொஞ்ச நேரம் டீவி இருண்டு கிடந்தது. திரும்ப வெளிச்சம் வந்தபோது தவமலர் தலைகுனிந்திருந்தாள், கழுத்தில் தாலி இருந்தது. கட்டியதை ஒருவரும் காணவில்லை.

சனம் எழும்பிப் போயிற்று. முகைதீன்பாவா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வயரைக் கழற்றி டெலிபோனில் செருகினான். செருகிய கையை எடுக்க முதல் மணி அடித்தது.

“அம்மா, நீங்க வாயால ஒரு வார்த்த சொன்னாத்தான் கட்ட விடுவன் எண்டு நிண்டனான்.” மகள் அழுதுகொண்டிருந்தாள். “பதினெட்டுத் தரம் எடுத்தன். நேரம் போகுதெண்டு கட்டிட்டாங்க. ஒரே எங்கேஜ்.”

இருபத்தாறு வருடம் ஊருக்கெல்லாம் அந்தச் சொல்லைச் சொன்னவள். டெலிபோன் வயரைக் கழற்றியதைக் கண்ணெதிரே பார்த்தவள். காலையிலிருந்து ஆள் மாறி ஆள்மேல் அலைந்த கோபம் கடைசியில் அவள்மேலேயே வந்து விழுந்தது.

“இஞ்சதான் இருந்தனான் மகள்” என்றாள். “உன்னத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்.”