மச்சாள் பனிக்குக் கட்டிய சீலைகள்

இதை யாருக்கும் காட்டாதீர்கள், அக்காமாரே. கெஞ்சிக் கேட்கிறேன். தக்காளி வாங்க வந்து, எங்கள் வாசல் படலையடியில் ஜெயராணி மச்சாளோடு கதைத்துச் சிரித்த உங்களுக்கு மட்டும்தான் எழுதுகிறேன். முடித்ததும் அம்மாவின் போனில் படம் எடுத்து அனுப்பிவிட்டு, படத்தை அழித்துவிடுவேன். பெரியப்பா முன்னறையில் படுத்திருக்கிறார். அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் என் பேனா நின்றுவிடுகிறது.

நாளை மச்சாள் இறந்து முப்பத்தோராம் நாள். பெரியப்பா அச்சடித்து வந்த நினைவு மலரில் அவருடைய படம் இருக்கிறது, அண்ணாவின் மனைவி என்றும் இருக்கிறது. பிறந்த ஊர் இல்லை. "அந்த ஊர்ப் பேர் எதுக்கு? வாற சனம் நூறு கதை கதைக்கும்" என்றார். மச்சாள் போனதிலிருந்து அண்ணா யாரோடும் கதைப்பதில்லை. ஆகவே அந்த மலரில் இல்லாததை நான் எழுதுகிறேன். மச்சாள் நுவரெலியாவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவர். கருவாடு விற்கப் போன எங்கள் அண்ணாவை விரும்பி, இந்தக் கடற்கரைக்கு வந்தவர்.

அவர் இறந்த செய்தி வந்தபோது நான் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் நின்றேன். முதல்நாள் ஆஸ்பத்திரியில், காய்ச்சலில் உதடு வெடித்துக் கிடந்தவர் என் கையைப் பிடித்து, "பாப்பா, வெயில் ஏறுறதுக்கு முந்தி செடி மேல கட்டின சீலையை எடுத்துரு. எடுக்க மறந்தா செடி வெந்து போகும்" என்று சொல்லியிருந்தார். எடுத்துக்கொண்டிருந்தேன். குசினிக்குள் போன் அடித்தது. பிறகு அம்மாவின் அழுகை கேட்டது. ஈரச் சீலையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். ஒரு பாத்தி மிச்சம் இருந்தது. அதையும் எடுத்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

அவர் வந்த முதல் மார்கழி உங்களுக்கு நினைவிருக்கும். பொழுதுபட்டதும் தக்காளிக்கும் மிளகாய்க்கும் மேலே பழைய சீலைகளை விரித்துக் கட்டினார். பெரியப்பா படலையில் நின்று சத்தமாகக் கேட்டார்:

"என்ன பிள்ளை, மிளகாய்க்குக் கலியாணமோ? கூறைச்சீலை கட்டுறாய்?"

"பனி விழும்ல மாமா. கருகிப் போயிரும்."

"பனியோ! இஞ்சத்தைப் பனி தடிமன் மட்டும்தான் தரும். மிளகாய்க்கும் மூக்கு ஒழுகுமோ?"

ஒழுங்கையில் இருந்த வீடெல்லாம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவருடைய ஊரில் பனி என்றால் புல்லின் மேல் வெள்ளையாக உறைந்து, விடிந்ததும் செடியைக் கருக்கிவிடுமாம். எங்களுக்குப் பனி என்றால் காலையில் சைக்கிள் சீற்றில் இருக்கும் ஈரம். ஒரே சொல், ஆனால் இரண்டு ஊருக்கு இரண்டு பொருள். அன்றிலிருந்து அவருக்குப் பனிக்காரி என்று பெயர் வந்தது.

அந்த மாதம்தான் வாடைக்காற்று விடாமல் அடித்தது. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. அலைத்தூவல் வீட்டுக் கூரைவரை வந்தது. காற்று ஓய்ந்தபோது ஒழுங்கையில் இருந்த மிளகாய்க் கன்றெல்லாம் நெருப்பில் வாட்டியதுபோல் நின்றது. மச்சாளின் பாத்தி மட்டும் பச்சையாக இருந்தது. பெரியப்பா வந்து, சீலையில் விரலைத் தடவி நாக்கில் வைத்தார்.

"உப்பு" என்றார்.

மச்சாளும் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பனின்னு நெனச்சுல்ல கட்டினேன்! தப்பாச் செஞ்சது சரியாப் போச்சு மாமா!"

விடியமுன் அவர் இலைகளுக்கு நல்ல தண்ணீர் தெளித்ததும் அப்படித்தான். பனியைக் கழுவுவதாக நினைத்துக்கொண்டு உப்பைக் கழுவியிருக்கிறார். காரணம் தெரிந்த பிறகும் அவர் சொல்லை மாற்றவில்லை. காற்று எழும்பினால், "பனி வருது, ஓடியா" என்றுதான் கூப்பிடுவார். "துணி இலையில படக்கூடாது, பட்ட எடம் கருகும்" என்று குச்சி நட்டு, அதன்மேல்தான் சீலையை விரிப்பார்.

ஒரு நாள் சந்தையில் ஒருத்தி அவரைத் தோட்டக்காட்டாள் என்று ஏசினாள். மச்சாள் கூடையை இறக்கி வைத்தார். "ஆமா, தோட்டந்தான். அதான் எங்கிட்ட தக்காளி இருக்கு. ஒனக்கு வேணுமா, வேணாமா?" அவள் வாங்கிக்கொண்டு போனாள்.

அக்காமாரே, நாளை காலை பெரியப்பா ஆட்களைக் கூட்டி வருகிறார். பந்தல் போட இடம் வேண்டுமாம், தோட்டத்தை வெட்டித் துப்புரவாக்கப் போகிறார்கள். முற்றத்தில் போட்டால் என்ன என்று கேட்டேன். "சின்னப்பிள்ளை கதைக்காத" என்றார். மச்சாளின் சீலைகளையும் மூட்டையாகக் கட்டிக் கடலில் போடச் சொன்னார். நான் போடவில்லை. இன்று இருட்டியதும் அந்த மூட்டையை அவிழ்த்து எல்லாப் பாத்திக்கும் கட்டிவிட்டேன். கடைசிப் பாத்திக்குக் குச்சி நட ஏலவில்லை, பெரியப்பா இருமினார், ஓடிவந்துவிட்டேன். விடிந்தால் எல்லோருக்கும் தெரியும். அடி விழும் என்றும் தெரியும். அவிழ்க்க மாட்டேன்.

நீங்கள் வெயில் ஏறமுன் வாருங்கள். பந்திக்கு அல்ல, பாத்தியடிக்கு. மண்வெட்டியோடு வருகிறவர்களுக்கு முன்னால் நாங்கள் நிற்போம்.

அவருடைய சீலைகள் எனக்கு மிஞ்சாது, உப்பில் கிழிந்துவிடும். நான் வைத்துக்கொள்வது அவருடைய சொல்லை. இனி இந்த வாடையைப் பனி என்றுதான் சொல்வேன். சிரிக்கிறவர்களுக்கு, இது எங்கள் மச்சாளின் சொல், அவர் நுவரெலியாவில் பிறந்தவர் என்று…

கதவைத் தட்டுகிறார்கள். அண்ணாவின் குரல்.

"பிள்ளை, கடைசிப் பாத்தியில சீலை இலையில படுது. மிச்சக் குச்சி எங்க வச்சனீ?"